இரண்டடித் தொட்டியில் வாலிஸ்னேரியா: வாங்கும் நாள் முதல் பின்கண்ணாடி மறையும் நாள் வரை

"இதைக் கொல்லவே முடியாது, தம்பி" என்று சொல்லித்தான் மீன்தொட்டிக்குள் நடும் நீர்ச்செடியான வாலிஸ்னேரியாவை எனக்கு விற்றார்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வரவேற்பறையில் அது மூன்று தடவை செத்தது. முதல் தடவை பத்து நாளில் அழுகியது. இரண்டாம் தடவை ஒரு மாதம் உயிரோடு இருந்தும் ஓர் இலைகூடப் புதிதாக விடவில்லை. மூன்றாம் தடவை ஒரே வாரத்தில் கூழாகிவிட்டது. நாலாம் தடவை நட்டதுதான் இன்று பின்கண்ணாடியை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கிறது. இடையில் எட்டு மாதமும் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேலும் போய்விட்டன. உங்களுக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும்.

செடி நிஜமாகவே உறுதியான செடிதான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம், விலை கூடிய விளக்கு வேண்டாம், தினமும் பார்க்க வேண்டாம். என்னிடம் அது செத்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன: கழுத்தைப் புதைத்து நட்டேன், தண்ணீரை அளக்காமல் விட்டேன், பொறுக்காமல் பாட்டில் மருந்தை ஊற்றினேன். கீழே உள்ள படிகளில் எதைத் தாண்டினாலும் இந்த மூன்றையும் தாண்டாதீர்கள்.

நான் சொல்லும் அளவெல்லாம் இரண்டடித் தொட்டிக்கு: நீளம் 60, அகலம் 30, உயரம் 36 சென்டிமீட்டர். மணல் போட்டு நிரப்பினால் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

1. எந்த வாலிஸ் என்று முடிவு செய்யுங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் "வாலிஸ்" என்றுதான் பேர். உள்ளே பல வகை இருக்கிறது. ஜைகாண்டியா என்று விற்பதன் இலை ஒரு மீட்டருக்கு மேலும் போகும். இரண்டடித் தொட்டியில் அதை வைத்தால் இலை முழுக்க நீர்மட்டத்தில் மடங்கிப் பாயாக விரிந்து கீழே இருட்டாக்கிவிடும். நானா என்ற வகைக்கு இலை புல் போல ஒடுக்கம், மெதுவாகத்தான் வளரும். இலை முறுக்கிக்கொண்டு வளரும் வகையும் உண்டு. ஜப்பானின் பிவா ஏரிப் பக்கத்துச் செடி அது. உயரமும் மட்டாகவே இருக்கும், பார்க்கவும் அழகு.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்பைராலிஸ் போதும். பேரைப் பார்த்து இலை சுருளும் என்று நினைக்க வேண்டாம், இலை நேராக நாடா மாதிரிதான் இருக்கும். சுருள்வது அதன் பெண்பூவின் காம்பு. நீர்மட்டம் வரை நீண்டு போய், மகரந்தம் சேர்ந்தபின் சுருண்டு கீழே இறங்கும். வீட்டுத் தொட்டியிலும் எப்போதாவது அந்த மெல்லிய காம்பு தெரியும். நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொட்டிக்கடைகளில் நிலத்துச் செடிகளையும் தண்ணீருக்குள் வைத்து விற்கிறார்கள். வீட்டு வாசலில் வைக்கும் மாண்டோ புல், டிரசீனா, அதிர்ஷ்ட மூங்கில் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. ஒன்றிரண்டு மாதம் பச்சையாக நின்று, பிறகு வேரோடு அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். வாங்கும்போது செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வாலிஸ் இலை ஈர நூல் மாதிரித் துவண்டு தொங்கும். விறைத்து நிமிர்ந்து நின்றால் அது வாலிஸ் அல்ல, நிலத்துச் செடியாக இருக்கலாம். சாஜிட்டேரியாவும் தோற்றத்தில் வாலிஸ் போலவே இருக்கும். இலை நுனியோரத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். வாலிஸ் நுனியில் பொடிப் பற்கள் தட்டும், சாஜிட்டேரியா வழவழப்பாக இருக்கும். அதுவும் நல்ல செடிதான், ஆனால் பின்கண்ணாடியை மறைக்கும் உயரம் பெரும்பாலும் வராது.

2. செலவைக் கூட்டிப் பாருங்கள்

நாலாம் தடவை நான் கொடுத்த விலைகள் இவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும்.

தொட்டி 75 வெள்ளி
மணல் 15 கிலோ 30 வெள்ளி
ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் 35 வெள்ளி
எல்.இ.டி. விளக்கு 45 வெள்ளி
டைமர் பிளக் 15 வெள்ளி
வேர் மாத்திரை ஒரு பாக்கெட் 12 வெள்ளி
கே.எச். (தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அளவு), ஜி.எச். (கால்சியம், மக்னீசியம் அளவு) சோதனைத் துளி 35 வெள்ளி
குளோரின் நீக்கி 6 வெள்ளி
பவளத் துண்டு ஒரு கிலோ 8 வெள்ளி
செடி பத்து, ஒன்று ஒன்றரை வெள்ளி வீதம் 15 வெள்ளி
தபால் செலவு 8 வெள்ளி

மொத்தம் 284 வெள்ளி. தொட்டி, ஃபில்டர், விளக்கு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 130 வெள்ளியில் முடிந்துவிடும்.

மிச்சம் பிடிக்க நினைத்துச் சோதனைத் துளியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்குப் போன நூறு வெள்ளியில் ஒரு பங்கு அந்த 35 வெள்ளியைச் செலவழிக்க யோசித்ததால் போனதுதான். வாங்கவே வேண்டாதவை இரண்டு: அக்வா சோயில் என்ற தொட்டிமண் மூட்டை, 'லிக்விட் கார்பன்' என்ற திரவ மருந்துப் பாட்டில். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் எடுத்துக் கொடுப்பார், மற்ற பல செடிகளுக்கு அவை சரி. வாலிஸுக்கு ஏன் ஆகாது என்பது கீழே வருகிறது.

3. செடி வாங்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

நம் பக்கம் வாலிஸ் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் வாலிஸுக்கு உண்டு. சிலிண்டர் இல்லாமலே வளர்வதற்கு அதுதான் காரணம். பைகார்பனேட் இருக்கும் கடினத் தண்ணீரில் அது செழிக்கும், இல்லாத மென்தண்ணீரில் திணறும். மேலைநாட்டு ஆட்கள் "குழாயைத் திறந்து ஊற்றினால் போதும்" என்று எழுதுவது அவர்களுடைய ஊர்த் தண்ணீர் பலவும் கடினத் தண்ணீர் என்பதால். நம் பக்கத்துத் தீத்திவங்சா மலைத்தொடரோ கருங்கல் மலை. அந்தக் காட்டிலிருந்து மழைநீராக இறங்கி வரும் ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. ஈப்போவைச் சுற்றிக் கண்ணுக்கு எதிரே சுண்ணாம்புக் குன்றுகள் நிற்பதால் நம் தண்ணீரும் கடினமாகத்தான் இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். துளி விட்டுப் பார்த்தபோது என் வீட்டுக் குழாயில் கே.எச். 1 தான் வந்தது. இரண்டாம் தடவை செடி ஒரு மாதம் அசையாமல் நின்றது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

உங்கள் வீட்டில் எப்படி என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். தோட்டத்துப் பக்கம் இன்னும் மலைத்தண்ணீர் குழாய் போட்டு எடுக்கும் வீடுகள் உண்டு. அதில் குளோரின் இருக்காது, ஆனால் அதுவும் மென்மையாகவே இருக்கும். கிணற்றுத் தண்ணீர் எப்படியும் இருக்கலாம். கரிமண் சதுப்பு உள்ள ஊர்களில் கிணற்று நீர் தேநீர் நிறத்தில் புளிப்பேறி இருக்கும், அதை இந்தச் செடிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அளப்பது எளிது. சோதனைக் குழாயில் 5 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, கே.எச். மருந்தை ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்குங்கள். நீலம் மஞ்சளாக மாறும்வரை எத்தனை துளி விட்டீர்களோ அதுதான் கே.எச். எண். உங்கள் பாக்கெட்டில் நிறம் வேறாக இருக்கலாம், அதில் உள்ள தாளைப் பாருங்கள்.

கே.எச். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், நேரே அடுத்த படிக்குப் போங்கள். 3 அல்லது அதற்குக் கீழே என்றால் தண்ணீருக்குச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் பவளத் துண்டை நன்றாகக் கழுவி, ஒரு கை அளவு, சுமார் 100 கிராம், வலைப்பையில் கட்டி ஃபில்டர் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். பவளத் துண்டு கிடைக்காவிட்டால் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. கெராங் (சிப்பி) சமைத்த ஓடுகளை எடுத்துச் சதை ஒட்டாமல் தேய்த்து, கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, உடைத்துப் பையில் போடுங்கள். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். மெதுவாகக் கரைவதால் மீனுக்கு அதிர்ச்சி இருக்காது. ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து, குறைவாக இருந்தால் இன்னொரு கை சேருங்கள். 4க்கும் 6க்கும் இடையில் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அந்த அளவுக்கு வர மூன்று வாரம் பிடித்தது. அதனால்தான் செடி வாங்குமுன்பே இதைத் தொடங்கச் சொல்கிறேன்.

சமையல் சோடா போட்டால் ஒரே நாளில் கே.எச். ஏறும் என்பது உண்மை. ஆனால் பி.எச். சட்டென்று ஏறிவிடும், அளவு பிசகினால் மீன் தாங்காது. புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அக்வா சோயில் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். அந்த மண்ணின் வேலையே கே.எச்.சையும் பி.எச்.சையும் இறக்குவது. ஒரு கையால் பவளத் துண்டு போட்டு, மறு கையால் அதைத் துடைத்த கதையாகிவிடும். சண்டைமீன் தொட்டியில் போடும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் பெரிய மரக்கட்டைகளும் சிறிய அளவில் இதே வேலையைத்தான் செய்யும்.

குளோரின் நீக்கியை ஒவ்வொரு தடவை தண்ணீர் மாற்றும்போதும் ஊற்றுங்கள். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், குழாய்த் தண்ணீரில் கலக்கும் இன்னொரு மருந்தான குளோரமீன் போகாது. தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திரும்ப வரும் அன்று கலங்கல் வரும். அன்றைக்குத் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டாம், இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

4. எங்கே வாங்குவது, எந்த நாளில், என்ன தாள் வேண்டும்

நேரில் வாங்க முடிந்தால் நேரில் வாங்குங்கள். எங்களுக்கு ஈப்போ பக்கம் என்பதால் அது வசதி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மீன் விற்பவர்களிடமும் சில நேரம் செடி இருக்கும், ஆனால் மாலையெல்லாம் பிளாஸ்டிக் பையில் வெந்த செடி அது. செடிச் சரக்கு என்றைக்கு வருகிறது என்று கடையில் கேட்டுக்கொண்டு, வந்த மறுநாள் போங்கள். வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்க வேண்டும். கறுத்துப் பிசுபிசுத்தால் வேண்டாம். நீளமான இலை உள்ள செடியைத் தேடாதீர்கள். ஒரு சாண் உயரமுள்ள இளஞ்செடி சீக்கிரம் பிடிக்கும்.

இணையத்தில் வாங்கினால் திங்கள் காலையில் அனுப்பும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு முழுக்க ஏதோ கிடங்கில் பெட்டிக்குள் கிடக்கும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி நெருங்கும் வாரத்தில் வாங்கவே வேண்டாம். தீபாவளிக்குத் தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்று அந்த வாரம் ஆர்டர் செய்ததுதான் என் மூன்றாம் தோல்வியின் தொடக்கம்: ஆறு நாள் கழித்துப் பாதி வெந்து வந்தது. தீபாவளிக்குப் பச்சை வேண்டுமானால் ஆகஸ்டு தொடக்கத்திலேயே நட்டுவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள். முகவரி ஒட்டிய பக்கத்தில் தொடங்கி, செடியை வெளியே எடுத்து வேரைக் காட்டும் வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். செத்து வந்தால் பணம் திரும்பத் தருவதாகச் சொல்லும் பல கடைகள் இந்தக் காணொளியைத்தான் கேட்கின்றன, அதுவும் 24 மணி நேரத்துக்குள். நான் எடுக்கவில்லை, காசு போய்விட்டது. ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து உயிர்ச்செடி வரவழைக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் சென்னை கொளத்தூர் மீன்கடைகளைப் பார்த்தால் நாலு செடியாவது பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமா என்று கை துடிக்கும். உயிர்ச்செடிக்கு மலேசியாவின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2011ஆம் ஆண்டின் மாகிஸ் (மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைகள்) சட்டப்படி அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமும் ஆறு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஒன்றரை வெள்ளிச் செடிக்காக அந்த வம்பு வேண்டாம்.

தோட்டத்து ஓடையிலும் லொங்காங்கிலும் (வடிகால்) இருக்கும் நீர்ச்செடிகளைப் பிடுங்கி வரலாமே என்று தோன்றும். செம்பனை வரிசைகளுக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள், உரமும் போடுகிறார்கள். மழை எல்லாவற்றையும் அந்த ஓடைக்குத்தான் கொண்டுவருகிறது. கூடவே அட்டையும் நத்தையும் வரும். வேண்டாம்.

5. நேரே தொட்டியில் போடாதீர்கள்

கட்டைச் சுற்றிய ஈயப் பட்டை, ரப்பர், பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு செடியாகப் பிரியுங்கள். நத்தை முட்டை ஒட்டியிருக்கும். அதற்குச் சிலர் குளோரக்ஸ் என்ற வெளுப்பு மருந்து கலந்த தண்ணீரில் முக்குகிறார்கள். வாலிஸ் இலை அதைத் தாங்காது. மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரமே போதும். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரத்தூள் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரம் செடியை ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள்.

மண் தயாராகவில்லை என்று செடியை வாளியில் போட்டு வீட்டுக்குப் பின்னால் நாட்கணக்கில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். சுகாதாரத் துறையினர் வந்து ஜெந்திக் ஜெந்திக் (கொசுப்புழு) கண்டுபிடித்தால் 1975ஆம் ஆண்டின் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதச் சீட்டு கிடைக்கும். வாளியில் இரண்டு கப்பி மீனை விட்டு மேலே கொசுவலைத் துணியைக் கட்டிவிடுங்கள்.

6. மணல்

கடையில் விற்கும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் சரளை அல்லது கழுவிய ஆற்று மணல் போதும். முன்பக்கம் 3 சென்டிமீட்டர், பின்பக்கம் 7 சென்டிமீட்டர் வருமாறு சரிவாகப் போடுங்கள். தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். எனக்கு அரை நாள் ஆனது. கட்டுமான மணலும் தோட்டத்துச் செம்மண்ணும் வேண்டாம்.

மணலில் சத்து எதுவும் கிடையாது. வாலிஸ் வேர் வழியாக நன்றாகச் சாப்பிடும் செடி என்பதால் பின்வரிசையில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வேர் மாத்திரையை மணலின் அடிவரை அழுத்தி வையுங்கள். இரண்டடி நீளத்துக்கு ஐந்தாறு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் தோட்டத்தில் வேலை செய்கிறார். செடி வளரவில்லையே என்று நான் புலம்பியதைக் கேட்டு, "தம்பி, இந்த உரத்தப் போட்டுத்தான செம்பனையே இப்படி நிக்குது, ஒரு கை போட்டுப் பாருங்க" என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார் அக்கா. பாசத்தில் கொடுத்தது. நான் ஒரு கரண்டிதான் மணலில் புதைத்தேன். மறுநாள் காலையில் ஐந்து கப்பிகளும் மிதந்தன. தோட்டத்து உரத்தில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கும். தண்ணீருக்குள் அது அம்மோனியாவாகி மீனைக் கொன்றுவிடும். தோட்டம் சூழ்ந்த ஊரில் உரம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தொட்டிக்கு என்று விற்கும் மாத்திரையைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

7. நடவு: கழுத்து வெளியே தெரிய வேண்டும்

வேருக்கும் இலைக்கும் நடுவே இலைகள் ஒன்றுகூடும் வெள்ளையான அடிப்பகுதி இருக்கிறது. அதைத்தான் கழுத்து என்கிறேன். புது இலைகள் அங்கிருந்துதான் புறப்படும். அது மணலுக்குள் போனால் அழுகிவிடும், செடி அத்தோடு முடிந்தது. என் முதல் செடிகள் பத்தும் இப்படித்தான் போயின. நன்றாக ஊன்றி நிற்கட்டும் என்று இரண்டு விரல் ஆழம் புதைத்திருந்தேன்.

தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கும்போது நடுவது சுலபம். வேரைக் கத்தரிக்கோலால் மூன்று நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். பயப்பட வேண்டாம், புது வேர் விடும். விரலால் மணலில் குழி செய்து, செடியைத் தேவைக்குக் கொஞ்சம் ஆழமாகவே வைத்து மணலை மூடுங்கள். பிறகு இலைகளைச் சேர்த்துப் பிடித்து, கழுத்து மணலுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும் வரை மெல்ல இழுங்கள். வேர் உள்ளேயே நிமிர்ந்து நின்றுகொள்ளும், கழுத்தும் வெளியே வந்துவிடும். செடிக்குச் செடி ஐந்து சென்டிமீட்டர் விடுங்கள். பின்கண்ணாடியை ஒட்டி நடாமல் நாலு விரல் முன்னே நட்டால் குட்டிச்செடி வைக்கும் ஓடுதண்டு பின்னால் ஓட இடம் இருக்கும்.

மீதமுள்ள தண்ணீரை ஊற்றும்போது ஒரு தட்டின் மேல் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நட்டதெல்லாம் மிதக்கும். இரவு ஒருமுறை பார்த்து, மிதக்கும் செடியைத் திரும்ப ஊன்றுங்கள்.

8. விளக்கும் வெப்பமும்

முதல் இரண்டு வாரம் ஆறு மணி நேரம், பிறகு எட்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் பாசிதான் வளரும். நான் டைமரை மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை வைத்துத் தொடங்கினேன். வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டியும் வெளிச்சமாக இருக்கும், பகல் வெப்பத்தோடு விளக்குச் சூடும் சேராது. சன்னல் வெயில் நேரே படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

தகரக் கூரை வீடுகளில் மதியத்தில் தண்ணீர் சூடாகும். 30 பாகை வரை என் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் நீடித்தால் மூடியைத் திறந்துவிட்டு, சிறிய மின்விசிறியை நீர்மட்டத்தை நோக்கித் திருப்புங்கள். தண்ணீர் ஆவியாகி இரண்டு பாகையாவது இறங்கும். குறைந்த தண்ணீரை மறக்காமல் நிரப்ப வேண்டும்.

9. முதல் ஆறு வாரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

மூன்றாவது நாளிலிருந்து இலை கண்ணாடி மாதிரி மங்கிக் கரையத் தொடங்கும். பலருடைய செடி உண்மையில் இந்த வாரத்தில்தான் குப்பைக்குப் போகிறது. தண்ணீர் மாறியதால் பழைய இலையைச் செடியே கைவிடுகிறது, அவ்வளவுதான். கழுத்து கெட்டியாக வெள்ளையாக இருக்கும்வரை செடி உயிரோடு இருக்கிறது. கரைந்த இலையை மட்டும் அடியில் வெட்டி எடுங்கள், செடியைப் பிடுங்கி வேர் பார்க்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் ஆறு வாரம் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த நேரத்தில்தான் 'லிக்விட் கார்பன்' பாட்டிலைத் தேடத் தோன்றும். அந்தப் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு. மற்ற செடிகள் தாங்கினாலும் வாலிஸ் அதில் உருகிவிடும். பாதி வெந்து வந்த என் மூன்றாம் தொகுதி பிழைத்திருக்கக் கூடும். நான் ஊற்றிய இரண்டு மூடியில் ஒரே வாரத்தில் கூழானது. பாசி கொல்லும் மருந்துகளிலும் இதே பொருள் இருக்கலாம், சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு நடந்த வேகம் இது: மூன்றாம் வாரம் கழுத்திலிருந்து விரல் நீளத்துக்குப் புது இலை. ஐந்தாம் வாரம் முதல் ஓடுதண்டு. மூன்றாம் மாதம் பத்துச் செடி முப்பதுக்கு மேல். நாலாம் மாதம் பின்கண்ணாடி தெரியவில்லை. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு நோட்டில் தேதி, கே.எச். எண், புது இலை எத்தனை என்று எழுதி வைத்தது பெரிய உதவி. "ஒன்றுமே நடக்கவில்லை" என்று மனம் சொல்லும்போது நோட்டு வேறு சொல்லும்.

புது இலை வெளிறி மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவு, பழைய இலையில் ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு. வேர் மாத்திரையைப் புதுப்பித்துப் பாருங்கள்.

10. மீனை எப்போது விடுவது

நாலு வாரம் கழித்து விடுங்கள். புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர அந்த நேரம் வேண்டும், செடி வேர் பிடிக்கவும் வேண்டும். கப்பி, மொல்லி, பிளாட்டி மூன்றுக்கும் வாலிஸுக்குப் பிடித்த அதே கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், நல்ல ஜோடி. தங்கமீன் பிடுங்கும், லம்பாம் தின்றே தீர்த்துவிடும், ஃபிளவர்ஹார்ன் மணலை உழுதுவிடும்.

டிங்கிக்காகத் தாமானில் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் முழுக்க மூடுங்கள். கொசுவுக்கு அடிக்கும் மருந்து மீனுக்கும் இறாலுக்கும் விஷம், ஏர் பம்ப் அதை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே ஊதிவிடும். புகை அடங்கி, வீட்டுக்குள் காற்றோட்டம் வந்தபின் துணியை எடுத்துப் பம்பை உடனே ஓடவிடுங்கள்.

11. ஓடுதண்டும் கழிவும்

தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு மணல்மேல் ஓடி, ஒரு சாண் தள்ளிக் குட்டி வைக்கும். குட்டி இன்னொரு குட்டி வைக்கும். நாலு இலையும் ஐந்து சென்டிமீட்டர் வேரும் வந்தபின்தான் தண்டை வெட்டலாம். பின்வரிசை நிறையும் வரை வெட்டவே வேண்டாம், முன்னால் ஓடி வருவதை மட்டும் விரலால் பின்பக்கம் திருப்பிவிடுங்கள்.

இலை நீர்மட்டத்தில் படுத்துக் கீழே இருட்டானால் மிக நீண்ட பழைய இலைகளை அடியோடு வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் வெட்டுவாய் பழுத்து அசிங்கமாகும். இலை அதிகமாகிவிட்டால் இலையை வெட்டுவதைவிட ஒன்றுவிட்டு ஒரு செடியாக எடுத்துவிடுவது நல்லது.

எடுத்த செடியை லொங்காங்கிலோ ஆற்றிலோ எறியாதீர்கள். இவ்வளவு வேகமாகப் பெருகும் செடி அங்கே போய் அடைத்துக்கொள்ளும். கரைந்த இலைகளை வெயிலில் சருகாகக் காயவிட்டுப் பூச்செடிக்குப் போடலாம். நல்ல செடிகளை வேரோடு எடுத்து, நனைத்த நாளிதழில் சுற்றி, காற்று கொஞ்சம் அடைத்த பிளாஸ்டிக் பையில் கட்டினால் நிழலில் இரண்டு நாள் தாங்கும். என் முதல் இருபது குட்டிகளில் ஆறு பக்கத்து வீட்டு அக்கா தொட்டிக்குப் போயின. கொடுக்கும்போது கூடவே வலைப்பையில் ஒரு கை பவளத் துண்டும் கட்டிக் கொடுத்தேன்.